கொப்பு அரைக்கும் இயந்திரம்: வாயைப் பார்த்து வாங்கலாமா?

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது, இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம் என்றே நாம் எண்ணினோம். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர், கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் தறைகளைக் காணவில்லை. வேம்பும் வடலியும் பாவட்டையும் இப்பில் இப்பிலும் வளர்ந்து காடாகிக் கிடந்தன. கிணற்றைக் கண்டுபிடிப்பதற்கே கத்தியும் கோடரியும் தேவைப்பட்டன. வன்னியிலும் பல குடும்பங்கள் இதே நிலையைக் கண்டன. இன்னும் விடுபடாத காணிக்காகக் காத்திருப்போரும் எம்மிடையே உள்ளனர்.

அந்தப் பற்றைகளை வெட்டியதிலிருந்துதான் எம்மவர் சிலருக்கு ஒரு புதிய தொழில் கிடைத்தது. சங்கிலி வாள் ஒன்றும் கயிறும் ஏணியும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கூரையில் சாய்ந்த கொப்பை இறக்குவது, பட்ட தென்னையைத் துண்டு துண்டாகத் தறிப்பது, பாடசாலை வளவைத் துப்புரவாக்குவது என்று வேலை வருகின்றது. சொந்தக் காணி கைக்கு வராத குடும்பத்துக்கு இது நல்ல பிழைப்பு. ஏனெனில் இத்தொழிலுக்குத் தறை வேண்டியதில்லை. கைத்திறன் போதும்.

இப்போது இத்தொழில் செய்வோரிடையே ஒரு பேச்சு அடிபடுகின்றது. வெட்டிய கொப்புகளை அவ்விடத்திலேயே சீவலாக்கித் தள்ளும் இயந்திரம் ஒன்று வாங்கினால் என்ன? கடைக்காரர் இதனைச் 'சிப்பர்' என்கின்றனர். நாமும் பார்க்கப் போனோம். "இது எதையும் தின்னும் அண்ணை" என்று கூறி, இருந்தவற்றுள் வாய் அகன்றதையே எமக்குக் காட்டினார்கள். தவணைக் கடனுக்கான படிவமும் மேசையில் தயாராக இருந்தது. நாம் கையொப்பமிடாமல் திரும்பினோம். இயந்திரம் கூடாது என்பது எமது கருத்தன்று. அதன் வாயின் அகலத்தையும் குதிரைவலுவையும் பார்த்து வாங்குவது தவறு. எமது கொப்பையும், எமது கராச்சையும், எமது கையின் பாதுகாப்பையும் பார்த்தே வாங்க வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

முதலில், அரைப்பதற்கு எம்மிடம் என்ன மிஞ்சுகின்றது?  எமது ஊரில் வெட்டிய மரம் பெரும்பாலும் கழிவாகப் போவதில்லை. குற்றி மர ஆலைக்குப் போகும். மணிக்கட்டுப் பருமனுள்ள தடி அடுப்புக்குப் போகும். பூவரசங் குழையை ஆடு தின்னும். மீதியைத் தோட்டத்தில் தாழ்ப்போம். கிளுவையும் முள்முருக்கும் கதியாலாகும். இவை எல்லாம் போன பின்னர் மிஞ்சுவது சிறு கொப்பும் சுள்ளியும் ஓலை மட்டையுமே. இதற்கு ஓர் அடி அகல வாய் எதற்கு? எனவே இயந்திரக் கடைக்குப் போகுமுன் மூன்று மாதம் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். எத்தனை நாள் வேலை கிடைத்தது, எவ்வளவு பருமனான கொப்புகள் வந்தன, வீட்டுக்காரர் எதை வைத்துக்கொண்டார், எதை அகற்றச் சொன்னார் என்ற விபரம் போதும். கடைக்காரரின் வர்ணப் படத்தை விட அந்தக் கொப்பி நல்ல ஆலோசகர்.

அடுத்தது இயந்திரத்தின் வகை. ஒரு வகையில் பாரமான தட்டு ஒன்றில் அலகுகள் பூட்டப்பட்டிருக்கும். மற்ற வகையில் உருளை ஒன்றில் பூட்டப்பட்டிருக்கும். தட்டு வகை அமைப்பில் எளிமையானது. சீவலும் ஓரளவு ஒரே அளவாக விழும். உருளை வகை கிளை பரந்த கொப்பை நன்றாக இழுக்கும். சிறிய இயந்திரங்களில் கொப்பை நாமே உள்ளே விட வேண்டும். பெரியவற்றில் பற்கள் கொண்ட உருளைகள் அதனைப் பிடித்து இழுக்கும். நல்லவற்றில், எஞ்சின் திணறும்போது இழுப்பு தானாக நின்று, வேகம் மீண்டதும் மறுபடி தொடங்கும். கோணல் கொப்புக்கு இழுக்கும் உருளை பெரும் உதவி. ஆனால் அதனுடன் ஒயில் குழாயும் பம்பும் வருகின்றன. பழுதாகும் இடங்களும் கூடுகின்றன. 4 அங்குலம் என்று எழுதியிருந்தால், அது நேரான தடிக்குரிய உச்ச அளவேயன்றி, காய்ந்த வேம்பை நாள் முழுவதும் அந்த அளவில் அரைக்கலாம் என்று பொருளல்ல. பனை, தென்னை மட்டைகளின் நார் தண்டில் சுற்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே ஓட்டிப் பார்க்கப் போகும்போது கடைக்காரரின் தடியை நம்பாதீர்கள். பச்சைக் கிளிரிசிடியா ஒரு கட்டு, காய்ந்த வேப்பங் கோணல் ஒன்று, தென்னை மட்டை இரண்டு என்று எமது கொப்புகளையே ஏற்றிச் செல்வோம்.

மூன்றாவது, அதனை எது ஓட்டுவது? தனி எஞ்சினுள்ள இயந்திரம் எங்கும் நின்று வேலை செய்யும்; ஆனால் பராமரிக்க மேலும் ஓர் எஞ்சின் சேர்கின்றது. ஊரில் நான்கு சில்லு உழவு இயந்திரம் இருந்தால், அதன் பின்பக்கச் சுழல் தண்டில் பூட்டி ஓட்டும் வகையைக் கவனியுங்கள். அத்தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும். வாங்கும் இயந்திரமும் அதே சுற்றுக்குரியதாக இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. காலபோக உழவு நாட்களில் உழவு இயந்திரம் வயலில் நிற்கும். கார்த்திகை, மார்கழியில் புயல் வீசி மரம் விழும்போது அது யார் வளவில் நிற்கும் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். 2020 மார்கழியில் புரெவியும், 2025 கார்த்திகையில் டித்வாவும் வந்தபோது, மரம் அகற்றும் வேலை ஒரே நாளில் எல்லா இடத்திலும் வந்தது. இன்னொரு காணிக்கு நாளை இடம்பெயர நேரும் குடும்பத்துக்கு, நிலத்தில் பதித்த இயந்திரத்தை விடச் சில்லில் ஓடும் இயந்திரமே ஏற்றது.

நான்காவது விடயத்தை எந்தக் கடைக்காரரும் எமக்குச் சொல்லவில்லை. எமது மரங்களுக்குள் இரும்பு இருக்கின்றது. வேலிக் கதியாலில் அடித்த ஆணியையும் முட்கம்பியையும் பட்டை மூடி வளர்ந்துவிட்டது. யுத்தம் நடந்த இடங்களில் நின்ற மரங்களில் செல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்துள்ளன. ஒரு சிறு துண்டு போதும். அலகின் கூர் முழுவதும் போய்விடும், துண்டு தெறித்து ஆளையும் காயப்படுத்தும். எனவே எல்லைக் கதியாலின் அடிப்பகுதியை இயந்திரத்துக்குள் விடுவதில்லை என்று சட்டமாகவே வைத்துக்கொள்வோம். பட்டையில் வடுவோ கருமையோ வீக்கமோ கண்டால் அந்தத் துண்டை விறகுக்கு ஒதுக்குவோம். அதனையும் கோடரியால் கவனமாகவே பிளப்போம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் கூலி எவ்வளவு தந்தாலும் இறங்கக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிப்போம். பலா, பெண்பனை போன்றவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதனால்தான் வாயை விட அலகே முக்கியம் என்கின்றோம். அலகு மழுங்கினால் சீவல் விழாது. நார் நாராகக் கிழிந்து வரும், எஞ்சின் திணறும், எரிபொருள் வீணாகும். வாங்குமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அலகைக் கழற்ற எத்தனை நேரம் செல்கின்றது? ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் பூட்டக்கூடியதா? அதற்கு எதிரே நிற்கும் நிலை அலகின் இடைவெளியைச் சரிசெய்ய முடியுமா? மாற்று அலகுச் சோடி ஒன்றை இயந்திரத்துடனேயே தருவார்களா? பட்டியும் பெயாரிங்கும் எமது பட்டினத்துக் கடையில் கிடைக்கும் இலக்கமா? இவற்றுக்கு விடை தெரியாத கடையில் மலிவு விலை இருந்தாலும், அது எமக்கு மலிவல்ல.

ஐந்தாவது, பாதுகாப்பு. இந்த இயந்திரம் கொப்பைப் பிடித்தால், கையை விட்டு எடுக்க நினைக்குமுன் இழுத்துவிடும். சாரத்துடனோ, சேலைத் தலைப்புடனோ, தொங்கும் சால்வையுடனோ அதன் அருகில் நிற்கக் கூடாது. அகன்ற மணிக்கட்டுள்ள கையுறையும் ஆகாது. கொப்பின் அடிப்பக்கத்தை முதலில் விட்டு, பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். சிறு துண்டுகளைக் கையாலோ காலாலோ தள்ளாமல் நீண்ட தடியால் தள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின்னரும் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். அது முற்றாக நின்று, திறப்பைக் கழற்றிய பின்பே மூடியைத் திறக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்குக் காப்பும் வேண்டும். உள்விடும் வாய் நீளமாக இருந்து, கை அலகுக்கு எட்டாத இயந்திரத்தையே தெரிவு செய்வோம். தள்ளியதும் இழுப்பை நிறுத்தும் சட்டம் வாயருகே இல்லையென்றால், இழுக்கும் உருளையுள்ள இயந்திரத்தை வாங்க வேண்டாம். குடும்பத்தின் உழைக்கும் கை ஒன்று போனால் எந்தத் தவணைப் பணமும் அதனை ஈடுசெய்யாது.

சீவலால் என்ன பயன் என்றும் கேட்கலாம். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, தோட்டத்தில் என்ன போடுவது என்று நாம் தடுமாறியது நினைவிருக்கும். அந்த ஆண்டு கார்த்திகையில் தடை நீங்கினாலும், அந்தப் பாடம் நீங்கவில்லை. பச்சை இலையும் இளந் தண்டும் சேர்ந்த கிளிரிசிடியாச் சீவலை மண்ணில் தாழ்க்கலாம். ஆனால் வெறும் மரச்சீவலை மண்ணுடன் கலந்தால், அது உக்கும் வரை மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். அதனை மேலே பரப்பினால் ஈரம் காக்கும், களையும் குறையும். மரத்தின் அடியில் முட்டாமல் சற்று விலக்கிப் பரப்ப வேண்டும். தென்னந்தோப்பில் குவியலாக உக்க விட்டால் காண்டாமிருக வண்டு பெருகும் என்பதையும் கவனத்திற் கொள்வோம்.

இறுதியாகப் பணம். மரவேலை சில மாதங்களில்தான் மும்முரமாக வரும்; தவணையோ ஆண்டில் 12 மாதமும் வரும். நுண்கடனில் சிக்கி நகையையும் நித்திரையையும் இழந்த பெண்கள் எமது ஊர்களில் எத்தனை பேர்! எனவே தனியொருவர் கடனில் வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. முதலில் வாடகைக்கு எடுத்து ஒரு பருவம் வேலை செய்து பார்ப்போம். எரிபொருள், அலகு, கூலி, ஏற்றியிறக்கும் செலவு, பழுதுக்கென ஒதுக்கும் பணம் ஆகியவற்றைக் கழித்து மிச்சம் தெரிந்தால், கமக்கார அமைப்பினூடாகவோ சங்கத்தினூடாகவோ கூட்டாக வாங்குவோம். அப்போதும் அளவில் சிறியதும், அலகு எளிதில் கழற்றக்கூடியதும், எமது கராச்சில் திருத்தக்கூடியதுமான ஒன்றே போதும். ஓட்டுபவர் இருவர், கணக்கு வைப்பவர் ஒருவர் எனப் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்போம். கணக்கைப் பெண்களிடம் கொடுப்பது நன்று.

காடாகிப்போன காணியை எமது கைகளாலேயே மீட்டோம். அந்தக் கைகளுக்கு உதவியாக ஓர் இயந்திரம் வருவது நல்லதே. ஆனால் அது எமது கொப்பைத் தின்ன வேண்டுமேயன்றி, எமது உழைப்பைத் தின்னக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். ஒன்றாக இருந்து கணக்குப் பார்த்து முடிவெடுப்போம்.