பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடாதீர்கள்



குழந்தைக்கு இருமலும் காய்ச்சலும் வருவது எந்த இல்லத்திலும் புதிதன்று. ஆயினும் ஒரே குழந்தைக்கு நிமோனியா திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் நுரையீரலின் அதே இடத்தைத் தாக்குமானால், 'சளி உடம்பு' என்று கூறி விட்டுவிடலாகாது. பிறவிக் குறையொன்று அதற்குக் காரணமாயிருக்கக்கூடும்.

அத்தகைய குறை ஒன்றினை 1946ஆம் ஆண்டில் பிரைஸ் என்னும் மருத்துவ அறிஞர் விளக்கி, 'ஒதுங்கிய நுரையீரல்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். கருவில் நுரையீரல் உருவாகும்போதே ஒரு பகுதி மூச்சுக் குழாயோடு தொடர்பின்றித் தனித்துவிடுகிறது. அதற்கு இரத்தம் தருவதும் நுரையீரல் தமனியன்று. பெருந்தமனியிலிருந்து பிரியும் தனிக் கிளையொன்றாகும். பெரும்பாலும் இடப்புறக் கீழ் மடலிலேயே இது காணப்படுகிறது. அருகிலிருந்து புகுந்த கிருமிகள் அங்கிருந்து வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றன. மருந்தினால் காய்ச்சல் தணியும், காரணம் தணியாது.

சாதாரண எக்ஸ்ரேயில் இது நிமோனியாவைப் போன்றே தோன்றும். காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்படுவதும் உண்டு. இரத்தக் குழாயில் சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனே அத்தனிக் கிளையைக் காட்டித் தரும். அறுவை மருத்துவருக்கு இது இன்றியமையாதது. சிலருக்கு அக்கிளை வயிற்றிலிருந்து உதரவிதானத்தைக் கடந்து மேலே வரும். அறியாமல் அறுத்துவிட்டால் அறுபட்ட முனை கீழே சுருங்கிச் சென்று, உயிருக்கே ஆபத்தான இரத்தப் போக்கு நேரிடும். ஆகவே முதலில் அக்குழாயைக் கட்டித் துண்டித்த பின்னரே, பழுதுற்ற பகுதியை, பல வேளைகளில் அம்மடல் முழுவதையுமே, அகற்றுகின்றனர். விலாவில் சிறு துளைகளிட்டே இதனைச் செய்யும் முறையும் இன்று உண்டு.

'நுரையீரலையா வெட்டுவது!' என்று பெற்ற மனம் பதறுவது இயல்பே. வலப்புறம் மூன்று, இடப்புறம் இரண்டு என மடல்கள் ஐந்து உள்ளன. ஒன்றை இழந்த குழந்தையும் எஞ்சியவற்றின் துணையால் மற்றக் குழந்தைகளைப் போல ஓடியாடி வளர இயலும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். காய்ச்சல் விட்டதும் எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடாதீர்கள். தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மறுமுறை செல்லும்போது அனைத்தையும் மருத்துவர்முன் வைத்து, "ஒவ்வொரு முறையும் இதே இடம்தானா, ஐயா?" என்று கேளுங்கள். ஆண்டுக்கணக்கான அலைச்சலை அந்த ஒரு கேள்வி முடித்து வைக்கக்கூடும்.