முப்பது மடங்கு தூரம்

இந்த ஓராண்டில் நம் பேரவை நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "அந்தக் கேமரா எப்படி? வாங்கலாமா?" என்பதுதான். தேர்வு எப்படிப் போனது என்றுகூட இத்தனை பேர் கேட்டதில்லை. நிகழ்ச்சிகளில் கழுத்தில் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைபவனை நிபுணன் என்று நினைத்துக்கொள்வது நம் வழக்கம் போலிருக்கிறது. ஆளுக்கு ஆள் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட மலரில் ஒரேயடியாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

இதையெல்லாம் தமிழில் எழுத வருமா என்று ஒரு நண்பருக்குச் சந்தேகம். நான் ஜொகூரில் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அங்கே எனக்கு 'வில்லை'யாக அறிமுகமானது, தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் 'கந்தா' ஆனது. இங்கே பல்கலைக்கழகத்திற்கு வந்ததும் 'லென்ஸ்' ஆகிவிட்டது. மூன்று பெயரிலும் ஒளி ஒரே மாதிரிதான் வளைகிறது. ஆகவே வருகிறவரை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது பயணத்திற்கென்றே செய்யப்படும் சிறிய ஜூம் கேமராக்களைப் பற்றி. சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் காற்சட்டைப் பையில் அடங்கும். பொத்தானை அமுக்கினால் லென்ஸ் குழாய் குழாயாக வெளியே நீளும். பானசோனிக் 2006இல் வெளியிட்ட டிஇசட் 1 என்ற கேமராவில் ஜூம் 10 மடங்கு; அன்று அதுவே பெரிய விஷயம். 2018இல் வந்த கேனன் எஸ்எக்ஸ் 740இல் அது 40 மடங்கு. 2025இல் வந்த பானசோனிக் டிஇசட் 99இல் 30 மடங்கு. என்னுடையதும் 30 மடங்கு வகைதான். பெனின்சுலா கடைத்தொகுதியில், பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டு மாதம் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்த காசு அதோடு போயிற்று. எந்த நிறுவனத்தின் பொருள் என்று எழுதவில்லை, ஏனென்றால் இதன் நிறைகுறைகள் பெரும்பாலும் நிறுவனத்தைச் சேர்ந்தவை அல்ல, இயற்பியலைச் சேர்ந்தவை.

30 மடங்கு என்றால் என்ன? பலரும் நினைப்பதுபோல, கண்ணால் பார்ப்பதை 30 மடங்கு பெரிதாக்குவது அல்ல. அகலமான முனையில் 24 மில்லிமீட்டர், நீளமான முனையில் 720 மில்லிமீட்டர். இரண்டிற்கும் உள்ள விகிதம்தான் 30. இன்னும் எளிதாகச் சொன்னால், 720இல் நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ அதில் இருபதில் ஒரு பங்கு அகலம் படத்தில் அடங்கும். 50 மீட்டர் தள்ளி நின்றால் இரண்டரை மீட்டர். அதாவது, ஒரு திடலின் இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கோடியில் இருக்கும் ஒருவரின் முகபாவத்தைப் பிடித்துவிடலாம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை நம்மில் எத்தனை பேர் உண்மையிலேயே பார்த்திருக்கிறோம்? கீழிருந்து கும்பிட்டுவிட்டுப் போகிறோம். மேலே இருப்பவை வண்ணக் கூட்டமாகத்தான் தெரியும். சாலையின் எதிர்ப்புறம் நின்று 720இல் பார்த்த அன்று, ஒரு சுதைச் சிற்பத்தின் விரல் நகத்தில்கூட யாரோ பொறுமையாகச் சாயம் தீட்டியிருந்தது தெரிந்தது. அண்ணாந்து பார்க்கும் யாருக்கும் அது தெரியப்போவதில்லை என்று அந்தக் கலைஞருக்குத் தெரியாதா என்ன? இருந்தும் தீட்டியிருக்கிறார். அங்கிருந்து நடந்து சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போய், அதன் ஐந்து நிலைக் கோபுரத்தை ஒவ்வொரு நிலையாக எடுத்தேன். அன்று மட்டும் 200 படங்களுக்கு மேல். இந்த வேலைக்கு இந்தக் கேமரா கொடுத்த காசுக்கு ஈடு.

சுங்கை பூலோவும் அப்படித்தான். அங்கே கொக்கும் நாரையும் மட்டுமல்ல, உப்புநீர் முதலைகளும் உண்டு. முதலையைத் தள்ளி நின்றே படமெடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

குறைகளில் பெரியது வெளிச்சம். லென்ஸை முழுதாக நீட்டும்போது உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒளியை வாங்கும் உணரியோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பெரிய கேமராக்களின் முழுச்சட்டக உணரியில் முப்பதில் ஒரு பங்குதான். (பாருங்கள், இங்கேயும் ஒரு முப்பது! விளம்பரத்தில் இதை மட்டும் போடமாட்டார்கள்.) காலை எட்டு மணி வெயிலில் கோபுரம் பளிச்சென்று வரும். தேக்கா ஈரச்சந்தைக்குள் நுழைந்தால் தடுமாறும். தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் ஜூமை நீட்டினால், படம் முழுக்க ரவையைத் தூவியது போலிருக்கும். இரவுக்கு உங்கள் கைத்தொலைபேசியே மேல். ஆனால் கைத்தொலைபேசி விளம்பரங்களில் 100 மடங்கு என்று வருகிறதே என்று கேட்காதீர்கள். அதில் பெரும்பகுதி படத்தை வெட்டிப் பெரிதாக்கி, மீதியைக் கணினி ஊகித்து நிரப்புவது.

நடுப்பகலில் தார்ச்சாலைக்கு மேலே எழும் வெப்பம் தூரத்துப் படத்தை நெளிய வைக்கும். குளிரூட்டிய விரிவுரை மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் எடுத்தால் லென்ஸ் மூக்குக்கண்ணாடி போல மூடிக்கொள்ளும், பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். நீண்டு சுருங்கும் லென்ஸ் என்பதால் தூசி உள்ளே புகும் வாய்ப்பும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் சும்மா போட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். இவை தெரிந்த சங்கதிகள்தான்.

ஒருநாள் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவிற்குப் போனேன். மறுகரையில் என் ஊர். 1924இல் திறக்கப்பட்ட பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான் இடைவெளி. நீரோரக் கட்டடம் ஒன்றின் மாடியில் துணி காய்வதுவரை தெரிந்தது. பெருமையாக அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். "இதை எடுக்க அங்க போய் நிக்கணுமாய்யா? சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தா கிட்டவே எடுத்திருக்கலாமே!" அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன்.

இனி இந்தக் கட்டுரையை எழுத வைத்த சம்பவத்திற்கு வருகிறேன்.

இந்த மலருக்காக, லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமையைப் படமெடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மாலை ஐந்து மணி இருக்கும். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் நம் வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் தனியாகப் பிளாஸ்டிக் விரிப்பில் படுத்திருந்தார். ஒரு கை தலைக்குக் கீழே, மார்பின்மேல் கைத்தொலைபேசி, கண்கள் மூடியிருந்தன. பக்கத்தில் கழற்றிப்போட்ட செருப்பு. நான் ஐம்பது மீட்டராவது தள்ளி ஒரு பெஞ்சில் இருந்தேன். ஜூமை முழுதாக நீட்டி ஏழெட்டுப் படம் எடுத்தேன். ஒன்று அபாரமாக அமைந்தது. வீட்டிற்கு வந்து கறுப்பு வெள்ளையாக்கி, 'ஏக்கம்' என்று தலைப்பிட்டு மலர்க்குழுவிற்கு அனுப்பினேன்.

குழுவில் இருந்த மூத்த மாணவி ஒருவர் கேட்டார்: "இவர் பேரு என்ன?"

"தெரியாதுக்கா."

"ஏக்கம்னு உனக்கு யார் சொன்னது?"

பதில் இல்லை. படத்தைத் தலைப்போடு சேர்த்துப் பார்த்தால் ஏக்கம்தான் தெரிந்தது. தலைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அவரைத் தேடிப் போனேன். கிடைக்கவில்லை. அதே இடத்தில் மூவர் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தயங்கித் தயங்கிப் போய் வணக்கம் சொல்லிப் படத்தைக் காட்டினேன். மூவரும் கேமராவைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மூத்தவர் சொன்னார்: "தூங்குறான் தம்பி. சனிக்கிழமை ராத்திரி வேலை பார்த்திருப்பான்." பிறகு சற்று யோசித்து, "ஆனா இதை ஊர்ல அவங்க அம்மா பார்த்தா அழும். எங்கயும் போட்டுறாதப்பா" என்றார்.

எந்த ஊர் என்று என்னைக் கேட்டார்கள். ஜொகூர் என்றேன். "அப்ப நீயும் வெளியூருதான்" என்று சொல்லி ஒரு வடையை நீட்டினார்கள். அவர்கள் மூவருக்கும் அறந்தாங்கிப் பக்கம்.

நானாகக் கேட்கவில்லை, அவர்களே கேட்டார்கள்: "எங்களை ஒரு படம் எடுத்துக் குடு தம்பி." ஆனால் அங்கே வேண்டாமாம், புல்தரை நன்றாக இருக்காதாம். கெர்பாவ் சாலையில் இருக்கும் அந்தப் பல வண்ண வீடு, 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு, அதன் முன்னால்தான் நிற்க வேண்டுமாம். நடந்தோம். ஒருவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். ஒருவர் இன்னொருவரின் கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். மூத்தவர் தலையை நனைத்துச் சீவிக்கொண்டு வந்தார். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தேன். அந்தத் தூரத்தில் ஜூமுக்கு வேலையே இல்லை. எடுத்ததும் பார்த்தார்கள், வயிறு தெரிகிறது என்று ஒருவர் குறைபட்டார். மறுபடி எடுத்தேன். நான்காவது படம் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

புகைப்படம் பழகிய நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. கேட்டுவிட்டு எடுத்தால் முகம் மாறிவிடும், உண்மை போய்விடும் என்பது அவர் வாதம். முகம் மாறும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் சொல்லும் உண்மை யாருடைய உண்மை? நான் தள்ளி நின்று 'ஏக்கம்' என்று எழுதினேன். அவர்கள் கிட்டே வந்து கைக்கடிகாரம் கட்டிக்கொண்டார்கள். இரண்டில் எது நடிப்பு என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. இரண்டு மீட்டரில் கேட்காமலே எடுத்தால்கூட, எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வேண்டாம் என்று கையை உயர்த்தலாம், என்னைத் திட்டவும் செய்யலாம். 50 மீட்டரில் அவருக்கு இது எதுவுமே கிடையாது. நீண்ட ஜூம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான்.

இது புதிய பழக்கமும் அல்ல. ஜி. ஆர். லாம்பர்ட் 1867இல் ஹை ஸ்ட்ரீட்டில் நிழற்பட நிலையம் திறந்தார். அவருடைய நிறுவனம் விற்ற படங்களில் இந்தத் தீவின் மக்கள் இனவாரியாக, தொழில்வாரியாக வகைபிரிக்கப்பட்டார்கள். அந்தக் காலத்துப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நம்மவர்களுக்குப் பல நேரம் 'கிளிங்' என்ற பெயர்தான். பக்கத்தில் நிறுத்தி வைத்து எடுத்தும் பெயரைக் கேட்டு எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் தமிழ் தெரிந்தும் கேட்கவில்லை. ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரும் சுற்றுப்பயணிக்கு மொழி தெரியாது என்ற சாக்காவது இருக்கிறது. "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்க எனக்கு என்ன தடை? கூச்சம்தான். அந்தக் கூச்சத்திற்கு 720 மில்லிமீட்டர் வசதியாக இருந்தது.

ஆகவே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. கோபுரம், பறவை, முதலை, கப்பல், வெளியூர்ப் பயணம் என்றால் தாராளமாக வாங்குங்கள். பழையதே போதும், லென்ஸ் நீளும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா, வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் கரும்புள்ளி விழுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இரவுப் படங்களுக்கு வேண்டாம். தேக்காவில் மனிதர்களை எடுக்க வேண்டும் என்றால் காசைச் செலவழிக்காதீர்கள், கையில் இருக்கும் தொலைபேசியே போதும்.

'ஏக்கம்' படத்தை மலர்க்குழுவிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதற்குப் பதிலாக, மூவரின் சம்மதத்தோடு, வண்ண வீட்டின் முன்னால் நிற்கும் படத்தைக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் படத்தை அன்றிரவே மூத்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. தம் மகள் அனுப்பியதை அப்படியே எனக்கும் அனுப்பியிருந்தார். சின்னப் பெண், ஆறேழு வயதிருக்கும். "அப்பா, வீடு சூப்பரா இருக்கு. இதுலயா நீ இருக்க? ஏம்பா மெலிஞ்சிட்ட?"