இரு சுவர்கள் சொல்லும் பாடம்

பிலடெல்பியா. இப்பெயரைக் கேட்டதும், திருவெளிப்பாடு நூலில் கடிதம் பெறும் ஏழு திருஅவைகளுள் ஒன்று நம் நினைவுக்கு வரலாம். உடன்பிறந்தோர் அன்பு என்பது இக்கிரேக்கப் பெயரின் பொருள். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இதே பெயர் தாங்கிய மாநகர் ஒன்று உள்ளது. 2015ம் ஆண்டு செப்டம்பரில் அங்கு நடைபெற்ற உலகக் குடும்பங்கள் மாநாட்டிற்கு, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் சென்றிருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அம்மாநகருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கடந்த நாற்பது ஆண்டுகளில் அதன் தெருச்சுவர்களில் 4,000க்கும் அதிகமான ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. ஒரு மாநகர நிர்வாகம் தன் கலைஞர்களைத் தாங்கிப் பிடிக்கும்போது என்ன நடக்கிறது, கைவிடும்போது என்ன நடக்கிறது என்ற இரண்டையும் அங்கே நாம் காணலாம்.

1984ம் ஆண்டு இம்முயற்சி துவங்கியபோது, கலையை வளர்ப்பது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை. நகரெங்கும் இளைஞர்கள் சுவர்களில் வண்ணம் தெளித்துக் கிறுக்கிவந்தனர். அதைத் தடுக்க மேயர் வில்சன் குட் ஒரு திட்டத்தை ஆரம்பித்தார். பிடித்துத் தண்டிப்பது எளிய வழி. அதோடு நின்றுவிடாமல், ஜேன் கோல்டன் என்ற சுவரோவியக் கலைஞர் அப்பணியில் அமர்த்தப்பட்டார். இனிக் கிறுக்குவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்த இளைஞர்களின் கைகளில் தூரிகை தரப்பட்டது. சுவரைக் கெடுத்த அதே கைகள் சுவரை அழகுபடுத்தத் துவங்கின. குற்றவாளி என்று பார்த்த இடத்தில் ஒரு கலைஞனைக் காண ஒருவருக்குக் கண் இருந்தது. சக்கேயுவை மரத்தின் மீது கண்ட இயேசுவின் பார்வையும் இத்தகையதே அல்லவா?

அத்திட்டம் வளர்ந்து, மாநகரின் நிதியும் தனியார் நன்கொடையும் இணைந்து தாங்கும் சுவரோவிய அமைப்பாக இன்று செயல்படுகிறது. அது இயங்கும் முறையை நாம் கவனிக்கவேண்டும். ஓவியர் ஒருவர் வந்து, தனக்குத் தோன்றியதை வரைந்துவிட்டுப் போவதில்லை. முதலில் அப்பகுதி மக்களைக் கூட்டிப் பேசுகிறார்கள். அவர்கள் வாழ்வையும் இழப்பையும் கனவையும் கேட்டபின்னரே ஓவியத்தின் வடிவம் உருவாகிறது. ஓவியருக்கு உரிய ஊதியம் வழங்கப்படுகிறது. ஓவியத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, பாராசூட் துணி எனப்படும் மெல்லிய துணியில் தீட்டுகிறார்கள். இதனால், ஏணியில் ஏற இயலாத முதியோரும், பள்ளிச் சிறுவர்களும், சிறையிலிருந்து வெளியே வரமுடியாதவர்களும்கூட அதில் பங்கேற்க முடிகிறது. பின்னர் அத்துணிகளைச் சுவரில் ஒட்டி முழு ஓவியமாக்குகிறார்கள்.

இம்முறையின் ஆழத்தை 2004ம் ஆண்டு நிறைவுற்ற ஒரு பணி நமக்குக் காட்டுகிறது. பிலடெல்பியாவுக்கு அருகே கிரேட்டர்போர்டு என்ற பெரிய சிறை இருந்தது. 2018ம் ஆண்டு அது மூடப்பட்டது. அங்கு கொலை போன்ற கொடிய குற்றங்களுக்காக நெடுங்காலத் தண்டனை அனுபவித்தவர்களையும், வன்முறையால் தங்கள் அன்புக்குரியோரை இழந்த குடும்பத்தினரையும், 'குணமாதல்' என்ற கருத்தில் ஒரு சுவரோவியம் உருவாக்க அழைத்தார்கள். சேசர் விவேரோஸ், பாரிஸ் ஸ்டான்செல் என்ற இரு ஓவியர்கள் வழிநடத்தினர்.

பணி எளிதாக இல்லை. மனம் வருந்துதல், தண்டனை, மன்னிப்பு ஆகிய மூன்றையும் இரு தரப்பினரும் வெவ்வேறாகப் புரிந்திருந்தனர். பிள்ளையை இழந்த தாயிடம், கைதியின் மனமாற்றத்தைக் கொண்டாடும் ஓவியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று யார் சொல்லமுடியும்? இறுதியில் ஓர் ஓவியம் இரு ஓவியங்களானது. ஒன்று கைதிகளின் பயணத்தையும், மற்றொன்று பாதிக்கப்பட்டோரின் பயணத்தையும் சொல்கிறது. இரண்டும் ஒரே தெருவில் இடம்பெற்றன. இவர்களின் உரையாடலை 2009ம் ஆண்டு வெளியான ஆவணப்படம் ஒன்றும் பதிவுசெய்துள்ளது.

இது தோல்வியா? இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். கிறிஸ்து பகைமை என்னும் தடுப்புச் சுவரைத் தகர்த்தார் என்கிறார் புனித பவுல் (எபே 2:14). ஆனால், அச்சுவர் நம்மிடையே ஒரே நாளில் விழுந்துவிடுவதில்லை. காயத்தை மறைத்து அவசரமாகப் பூசும் வண்ணம் விரைவில் உரிந்துவிடும். ஒருவர் வலியை மற்றவர் கேட்பதற்கு ஓர் இடம் அமைத்துத் தந்ததே அங்கு கலை செய்த பெரும்பணி.

பொதுச்சுவர் எல்லாருக்கும் பொதுவானது என்பதாலேயே சிக்கலும் எழுகிறது. அந்நகரின் முன்னாள் மேயரும் காவல்துறைத் தலைவருமான பிராங்க் ரிட்சோவின் உருவம் 1995ம் ஆண்டு ஒரு சுவரில் தீட்டப்பட்டது. சிலருக்கு அவர் தங்கள் தெருவின் நாயகன். கறுப்பின மக்கள் பலருக்கோ காவல்துறைக் கொடுமையின் அடையாளம். ஜார்ஜ் பிளாய்டு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களின்போது, 2020ம் ஆண்டு ஜூன் மாதம் அவ்வோவியம் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. யாருடைய முகத்தைப் பெரிதாக வரைகிறோம் என்பது, யாருடைய கண்ணீரைக் காண மறுக்கிறோம் என்பதையும் வெளிப்படுத்திவிடுகிறது.

அதே 2020ம் ஆண்டில், பெருந்தொற்றால் வருவாய் குறைந்தபோது, மாநகர நிர்வாகம் தன் கலை, பண்பாட்டு அலுவலகத்தையே மூடியது. பின்னர் அப்பணிகள் வேறு வடிவில் மீண்டும் துவங்கின. ஆனால், நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டப்படுவது எது என்பதை அம்முடிவு காட்டியது. 2024ம் ஆண்டு ஜூன் 7ம் தேதி, நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு கொண்ட அந்நகரின் கலைப் பல்கலைக்கழகம், ஒரு வார அவகாசத்தில் மூடப்பட்டது. ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் திகைத்து நின்றனர். ஆசிரியர்களும் பணியாளர்களும் வேலை இழந்தனர். சுவர்கள் வண்ணமயமாக இருந்தால் போதாது. அவற்றைத் தீட்டுபவரின் வீட்டில் அடுப்பும் எரியவேண்டும்.

திருஅவை கலைஞர்களை நன்கு அறிந்த தாய். சந்திப்புக் கூடாரத்தை அமைக்கப் பெட்சலேல் என்ற கைவினைஞரை இறைவன் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயணம் கூறுகிறது (விப 31:1-5). 1999ம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை 2ம் யோவான் பவுல் கலைஞர்களுக்கு மடல் எழுதினார். 2024ம் ஆண்டு ஏப்ரல் 28ம் தேதி, வெனிஸ் கலைக் கண்காட்சியில் திருப்பீடம் தன் அரங்கை அமைத்திருந்த ஜுதெக்கா பெண்கள் சிறைக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் சென்றார். அங்கு, பார்வையாளர்களுக்குக் கலைப்படைப்புக்களை விளக்கியவர்கள் அச்சிறையில் இருந்த பெண்களே! பிலடெல்பியாவின் தெருவும் வெனிஸ் சிறையும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. அழகு, வசதி படைத்தோரின் சொத்து அல்ல.

இனி நம்மைப் பார்ப்போம். ஆலயத் திருவிழாவுக்குத் தேர் அலங்கரிப்பவர், சுரூபங்களுக்கு வண்ணம் தீட்டுபவர், பாஸ்கா நாடகத்துக்குத் திரைச்சீலை வரைபவர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டு, அவர்கள் கேட்கும் கூலியில் பேரம் பேசுவதில்லையா? தொழிலாளரின் பிடிக்கப்பட்ட கூலி ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்ற யாக்கோபின் எச்சரிக்கை (யாக் 5:4) தூரிகை பிடிப்பவருக்கும் பொருந்தும். நம் ஆலயச் சுவரில் என்ன வரையவேண்டும் என்று முடிவெடுக்கும்போது, ஊர்க்கோடியில் வாழும் குடும்பங்களை என்றாவது கேட்டதுண்டா? நாம் அஞ்சி ஒதுக்கும் இளைஞன் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்துப் பார்த்ததுண்டா?

நம் பங்கில் அடுத்த முறை ஒரு சுவருக்கு வண்ணம் பூச முடிவெடுக்கும்போது, இக்கேள்விகளோடு துவங்குவோம். அனைத்தையும் அழகுறப் படைத்த இறைவன், கலைஞரின் உழைப்பை மதிக்கும் மனதையும், காயமுற்றோரின் குரலைக் கேட்கும் செவியையும் நமக்குத் தரவேண்டுமென்று மன்றாடுவோம்.