சிங்கத்தின் அடியில் இல்லாத பெயர்கள்

எம்மன்புரூக்கேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், லுட்சேர்ன் சிங்கத்தின் முன் நின்று ஒளிப்படம் எடுக்காதவை மிகச் சிலவே. தாயகத்திலிருந்து உறவினர் வந்தால் தொடருந்தில் சில நிமிடங்களில் அழைத்துச் செல்லப்படும் இடமும் அதுவே. ஆயினும் அந்தச் சிங்கம் ஏன் சாகக் கிடக்கின்றது என்று பிள்ளைகள் கேட்டால் விடை சொல்லும் பெற்றோர் அரிது.

1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிசில் பிரெஞ்சு மன்னரின் அரண்மனையைக் காத்து மாண்ட சுவிஸ் காவற்படையினரின் நினைவுச்சின்னம் அது. விடுப்பில் ஊர் வந்திருந்தமையால் உயிர்தப்பிய கார்ல் ஃபீஃபர் என்னும் அதிகாரியின் முயற்சியால், 1821இல் அது திறந்து வைக்கப்பட்டது. மாண்ட மண் வேறு. கல் நிற்கும் மண் வேறு. இடையில் 29 ஆண்டுகள். அந்நிய மன்னனுக்காக மடிந்தோருக்குச் சின்னமா என்று தாராளவாதிகள் அன்றே எதிர்த்தனர்.

பாறையை உற்று நோக்குவோர் இன்னொன்றையும் காணலாம். அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சாதாரண படையினரோ 760 பேர் மாண்டனர், 350 பேர் தப்பினர் என்று உரோம எண்களாகவே எஞ்சியுள்ளனர்.

முள்ளிவாய்க்காலின் நிலையும் இதுவே. 2009இன் இறுதி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. எழுபதாயிரம் வரை என மறுஆண்டு வெளிவந்த ஐ.நா. உள்ளக ஆய்வு குறிப்பிட்டது. எண்கள் பற்றிய வாதம் ஓயவில்லை. பெயர்கள் எங்கே?

தாயகத்தில் கல்லுக்குக் காவல் இல்லை. யாழ். பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடித்து வீழ்த்தப்பட்டது. மாணவர் போராட்டத்தின் பின்னரே அது மீண்டும் எழுந்தது. 2025 மே மாதம் கனடாவின் பிரம்டன் நகரப் பூங்காவில் இனவழிப்பு நினைவகம் திறக்கப்பட்டபோது, இலங்கை அரசு அங்கும் எதிர்ப்புத் தெரிவித்தது.

சுவிசிலும் அத்தகைய கல் ஒன்று வேண்டும் என்பது நியாயமான அவாவே. ஆனால் நகரசபையின் கதவைத் தட்டுமுன் வீட்டில் முடிக்க வேண்டிய வேலை உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தான் இழந்தோரின் பெயர், ஊர், வயது, இறந்த நாள் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். எறிகணையில் மாண்டவர், காணாமல் ஆக்கப்பட்டவர் மட்டுமன்றி, தமிழர் கையாலேயே மாண்டவரும் அதில் இடம்பெற வேண்டும். கடைசிப் பிரிவை விடுத்தால் பட்டியலை எவரும் நம்பார். சொந்தப் பிள்ளைகளும் நம்பார்.

தமிழ் எழுதத் தடுமாறும் இளையோர் ஜெர்மன் மொழியில் எழுதட்டும்; அதில் இழுக்கில்லை. பெற்றோர் சொல்ல, பிள்ளைகள் எழுதுவதே முறை. எண்பதுகளில் இங்கு வந்து சேர்ந்தோருள் பலர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.