ஒற்றையடிப் பாதைக்கும் டோக்கன் உண்டு

“பிள்ளை அமெரிக்காவில் எரிமலை மேல் சைக்கிள் ஓட்டுகிறானாம். இதெல்லாம் நமக்குத் தேவையா?” நம் சங்கத்துப் பெற்றோர் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். ரயில்வேயில் பாதை போட்டே காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

வாஷிங்டன் மாநிலத்து செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18 அன்று வெடித்தது. 57 பேர் மாண்டனர். 9,677 அடி உயர மலை 8,363 அடியாகக் குறைந்தது. 1982-ல் அரசு அந்த வட்டாரத்தைத் தேசிய எரிமலைச் சின்னமாக அறிவித்து, இயற்கை தானே மீளட்டும் என்று விட்டுவிட்டது. 2004 முதல் 2008 வரை மலை மறுபடியும் குமுறி அடங்கியது. இன்றும் விஞ்ஞானிகள் கருவிகள் வைத்து அதன் நாடியைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

இந்த மலையின் தென்கிழக்கில் ‘ஏப் கேன்யன்’ என்றொரு ஒற்றையடிப் பாதை. 1980-ல் சேற்று வெள்ளம் பாய்ந்த ஆற்றோரம் தொடங்கி, வெடிப்புக்குத் தப்பிய பழங்காட்டின் வழியே ஏறி, ஆபிரகாம் சமவெளி என்னும் நுரைக்கல் பரப்பில் கொண்டுபோய் விடுகிறது. ஏறத்தாழ ஐந்து மைல் தூரம். சராசரி ஏற்றம் இருபது அடிக்கு ஓரடி. நம் கர்ஜத்–லோணாவளா தடத்தில் 37 அடிக்கு ஓரடி ஏறவே பின்னாலிருந்து தள்ள எஞ்சின்கள் வேண்டியிருக்கிறது. இங்கே எஞ்சின் என்பது ஓட்டுபவரின் இரண்டு கால்கள்தாம்!

பாதையை அகலமாக்கி ஜீப் விட்டால் என்ன என்று கேட்கலாம். கூடாது என்பதே என் கருத்து. மலைப்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மேல் போனால், மழைநீர் குறுக்கே வடியாமல் பாதையோடு ஓடி அதை வாய்க்காலாக்கிவிடும். எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் இளகிய மண். அகலமாக வெட்ட வெட்டச் சரிவும் கூடவே சரியும். தவிர, அந்த வெறும் நிலத்தில் லூபின் என்ற பயறு இனச் செடிதான் காற்றிலுள்ள நைட்ரஜனை இழுத்து மண்ணுக்கு உரமாக்குகிறது. தடம் விலகும் ஒரு சக்கரம் அதை நசுக்கிவிடும். பாதை ஒடுக்கமாக இருப்பதே மலைக்குக் காவல்.

ஒடுக்கமான பாதையில் எதிரும் புதிருமாக ஆள் வந்தால்? டோக்கன் முறை உள்ள ஒற்றை லைனில் டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். அங்கே டோக்கனுக்குப் பதில் மரியாதை. சைக்கிள்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். இதற்கு சிக்னலும் இல்லை, கைகாட்டியும் இல்லை. மலையைச் சுற்றிவரும் நெடும்பாதையின் பெரும்பகுதியில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஆகவே கிடைத்திருப்பது ஒரு சலுகை. கண்மண் தெரியாமல் இறங்கும் நாலு பேரால் அதுவும் பறிபோகலாம்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். தலைக்கவசம் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டானா என்று விசாரியுங்கள். மூச்சிரைக்க ஏறிப் பார்ப்பவனுக்கு மலையின் மேல் ஒரு மதிப்பு வரும்.

நம் நாட்டிலோ உச்சி வரை கார் போனால்தான் முன்னேற்றம் என்று நினைக்கிறோம். போன பிறகு அங்கே மிஞ்சுவது பிளாஸ்டிக் குப்பையும் ஹாரன் சத்தமும்தான். எல்லா மலைக்கும் ரோடு வேண்டியதில்லை. சில மலைகளுக்கு ஒற்றையடிப் பாதையும், எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்கும் மனமும் போதும்.