ஆடலும் நாடித் துடிப்பும்

நடனத்தைக் கலையென்று போற்றுகிறோம். மேடையிலே கண்டு கரகோஷஞ் செய்கிறோம். ஆனால், ஆடுபவரின் மார்புக்கூட்டினுள்ளே அவ்வேளையில் நிகழ்வது யாதென நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? கால் தரையைத் தட்டத் தொடங்கியதும் இருதயமும் தன் தாளத்தை மாற்றிக்கொள்கின்றது. அம்மாற்றம் எல்லா ஆடல்களுக்கும் ஒரே தன்மையதன்று. இவ்வாரம் அதனையே சிறிது ஆராய்வோம்.

வளர்ந்த ஒருவரின் இருதயம் ஓய்வு வேளையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை துடிப்பது இயல்பு. துடிப்பொன்றுக்கு ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் குருதி வெளிச்செல்கிறது. உடல் உழைக்கும்போது தசைகள் மிகுதியான பிராணவாயுவை வேண்டுவதால் துடிப்பும் விரைவடைகிறது. அதன் உச்ச வேகத்தை மதிப்பிட எளிய கணக்கொன்றுண்டு. 220இலிருந்து வயதைக் கழித்தல் வேண்டும். 20 வயது மாணவிக்கு 200. 50 வயதுத் தாய்க்கு 170. இஃது அண்ணளவான கணக்கே, ஆளுக்காள் வேறுபடும். இவ்வுச்சத்தில் நூற்றுக்கு 50 முதல் 70 வீதம் வரை எட்டும் உழைப்பு மிதமானது. அதற்கு மேல் 85 வீதம் வரை செல்வது கடுமையானது.

இனி, ஆடல்களை நோக்குவோம். பரதநாட்டியத்திலே ஒரே அடவை முதற் காலத்தில் ஆடுபவர், மூன்றாங் காலத்தில் நான்கு மடங்கு விரைவுடன் ஆடவேண்டும். போதாததற்கு, அரைமண்டியில் அமர்ந்த தொடைத் தசைகள் ஓய்வின்றி இறுகி நிற்கின்றன. வர்ணத்திலோ, தீர்மானங்களில் நாடி ஏறும். இடையே அபிநயம் வரும்போது சற்றுத் தணியும். பதம் ஆடுகையில் உடல் இளைப்பாறும். தில்லானாவில் மீண்டும் விரைவு பிறக்கும்.

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் சங்கதி வேறு. அங்கே கூத்தர் ஆடிக்கொண்டே பாடவும் வேண்டும். கால்களுக்கு வேண்டிய மூச்சைக் குரலும் பங்கு கேட்கின்றது. பாரமான கரப்புடையும் சேர்ந்துவிட்டால் உழைப்புக்குக் குறைவேது?

மேனாட்டுச் சோடி நடனத்தைப் பார்ப்பவர்க்கு அது காற்றில் மிதப்பது போலத் தோன்றும். ஆயினும், போட்டிகளில் ஆடிப் பழகிய பத்துச் சோடிகளைக் கொண்டு நிகழ்த்தி 1988ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அவர்களின் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 170ஐ அண்மித்திருந்தது. வால்ற்ஸ் முதலிய பாணியிலும் லத்தீன் அமெரிக்கப் பாணியிலும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே, நடனத்தின் பெயரைவிட அதனை ஆடும் வேகமும், இடைவிடாது ஆடும் நேரமுமே இருதயத்துக்கு முக்கியமானவை என்பது புலனாகும்.

மாணவிகளும் ஆசிரியர்களும் மனங்கொள்ள வேண்டிய செய்தியொன்றுண்டு. சுவீடன் நாட்டுப் பலே நடனக் கலைஞர் பற்றிய ஆய்வொன்று 1984இல் வெளியாயிற்று. மேடையில் ஆடும்போது அவர்கள் தம் உச்ச பிராணவாயு அளவில் நூற்றுக்கு 80 வீதத்தைப் பயன்படுத்தினர். நாடித் துடிப்பு உச்சத்தை நெருங்கிற்று. நாளாந்த வகுப்பிலோ அவ்வுச்ச அளவிற் பாதியைக்கூட அவர்கள் எட்டவில்லை. காரணம் எளிது. வகுப்பிலே ஆசிரியர் நிறுத்துவார், திருத்துவார்; மேடை அவ்வாறு காத்திருப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அரங்கேற்றம் நெருங்குகையில் உருப்படிகளை முழுமையாக, இடைநிறுத்தாது ஆடிப் பழக்குதல் அவசியம். வேகநடை போன்ற தேகாப்பியாசமும் துணைசெய்யும்.

அரங்கேற்றத்துடனோ திருமணத்துடனோ சலங்கையைப் பெட்டியிலிட்டுப் பூட்டிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது நட்டமென்றே கருதுகிறோம். பிரித்தானியாவில் 40 வயதைக் கடந்த 48,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து அவதானித்து 2016இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. மிதமான வேகத்தில் நடனமாடியோரிடையே இருதய நோயால் இறக்கும் அபாயம் ஆடாதோரைவிட நூற்றுக்கு 46 வீதம் குறைவாயிருந்தது. மெதுவாக ஆடியோரிடம் அத்தகைய பயன் தென்படவில்லை. நடனமே முழுக்காரணமென்று இதனால் நிறுவிவிட முடியாது. எனினும் புறக்கணிக்கத் தக்கதன்று. இத்தாலியிலே இருதயம் பலவீனமுற்ற நோயாளர் சிலர் வைத்தியக் கண்காணிப்பில் வால்ற்ஸ் ஆடி, வழக்கமான தேகாப்பியாசஞ் செய்தோருக்கு ஒப்பான நன்மை பெற்றமை 2008இல் வெளியாயிற்று.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆடி நிறுத்திய உடனே மணிக்கட்டில் விரல்வைத்து 15 விநாடிகளுக்குத் துடிப்பை எண்ணி நான்காற் பெருக்குக. ஆடும்போது பேச முடிந்து, பாட முடியாதிருப்பின் அது மிதமான உழைப்பு. இருதய நோயுள்ளோர் முதலில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவாராக. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ கண்டால் எவராயினும் உடனே நிறுத்துதல் வேண்டும்.

மகள் அடவு பழகும் மாலை வேளையிலே, முன்னர் கற்ற தாயும் அருகில் நின்று கால்மணி நேரம் ஆடட்டும். மேடையும் வேண்டாம், ஒப்பனையும் வேண்டாம். ஆடிய களைப்பில் இருவரும் தத்தம் நாடியை எண்ணிப் பார்த்தால் அதுவே நல்ல பாடமாகும்.