பார்த்து எழுதினால் ஆங்கிலம் வருமா?

அரசுப் பள்ளி ஆங்கில வகுப்பில் அதிகம் நடக்கும் வேலை பார்த்து எழுதுவதுதான். கரும்பலகையில் உள்ள கேள்வி பதிலைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். நோட்டைப் பார்த்து வீட்டுப்பாடம். கடைசியில் பார்க்காமல் விடைத்தாளில். நாலு கோடு நோட்டில் முத்து முத்தாக எழுதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அதே பக்கத்தை வாசிக்கச் சொன்னால் விழிக்கிறது. கை கற்றுக்கொண்டதைக் கண்ணும் காதும் கற்றுக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. அந்தப் பிரிவில் சேரும் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால் ஆங்கிலத்தோடு அறிவியலும் கணக்கும் சேர்ந்தே கைவிட்டுப் போகின்றன. ஆகவே இதை ஒரு பாடத்தின் குறையாக மட்டும் பார்த்து நகர்ந்துவிட முடியாது.

தமிழில் எழுத்துகளை அறிந்த குழந்தை மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளின் பெயர்களைத் தலைகீழாகச் சொன்னாலும் அது நடக்காது. ‘எம், ஓ, டி, எச், இ, ஆர் – மதர்’ என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்கிறது. அந்தப் பெயர்களை எப்படிச் சேர்த்தாலும் ‘மதர்’ வராது. எழுத்தின் பெயரை விட்டு ஒலியைப் பிடிக்கவைக்க வேண்டும். கேட், பேட், மேட் என்று ஓசை ஒத்த சொற்களைக் குழந்தையே கட்டிப்பார்க்க வேண்டும். பல ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் போதாது. வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு வாசிக்க ஏதாவது வேண்டுமே! ஒரு பருவம் முழுக்கக் கையில் இருப்பது ஒரே பாடநூல், அதில் சில பாடங்கள்.

கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி கலங்கிப் பாடிய பிஜித் தீவில் 1980களின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. வாரிக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் 4, 5ஆம் வகுப்புகளுக்கு, வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். வீட்டில் பிஜி மொழியோ இந்தியோ பேசும் குழந்தைகள் அவர்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் கதையைப் படித்துக்காட்டிப் பேசினார். சிலவற்றில் பிள்ளைகள் தாமாகவே அமைதியாக வாசித்தார்கள். வாசிப்பில் அவர்கள் வழக்கமான பாடமுறையில் பயின்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த முன்னேற்றம் எழுதுவதிலும் தெரிந்தது. புத்தகங்களைப் பூட்டிய பீரோவில் வைக்காததைத் தவிர அவர்கள் பெரிய வித்தை ஒன்றும் செய்துவிடவில்லை.

இப்படிப் பிள்ளைகளே செய்து கற்கும் செயல்பாடுகள் நமக்குப் புதியவையா என்று கேட்கலாம். இல்லைதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலமெங்கும் விரிந்தது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. இரண்டுமே நல்ல நோக்கத்தில் பிறந்தவை. ஆனால் இங்கே எந்தத் திட்டமும் சில ஆண்டுகளில் பதிவேடாக மாறிவிடுகிறது. அட்டையை முடித்தாயா, பயிற்சி நூலை நிரப்பினாயா, செயலியில் மதிப்பீட்டை ஏற்றினாயா என்ற விசாரிப்பு மேலேறிக்கொள்ள, குழந்தை வாசித்ததா என்ற கேள்வி கீழே போய்விடுகிறது. ஐந்து வகுப்புகளையும் இரண்டே ஆசிரியர்கள் நடத்தும் பள்ளிகளில், அதில் ஒருவர் ‘எமிஸ்’ என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவோடு மல்லுக்கட்டும் நாளில், செயல்பாடு எங்கே நடக்கும்?

செலவே இல்லாத வழிகளும் இருக்கின்றன. நாலைந்து வரி ஆங்கிலத்தில் எழுதிய தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியை வாசித்து மனத்தில் வாங்கிவந்து சொல்ல வேண்டும். மற்றவர் எழுத வேண்டும். பிறகு இருவரும் தாளோடு ஒப்பிட்டுத் தாங்களே திருத்த வேண்டும். வாசிப்பு, பேச்சு, கேட்பு, எழுத்து நான்கும் பத்து நிமிடத்தில் நடந்துவிடும். ஆங்கிலம் சரளமாகப் பேசவராத ஆசிரியரும் இதை நடத்தலாம். சத்தம் வரும், தலைமையாசிரியர் எட்டிப்பார்ப்பார், பார்க்கட்டும்.

எழுதுவதற்கு இதைவிட எளிய வழி, பிள்ளை சொல்வதிலிருந்து தொடங்குவது. நேற்று ஆடு குட்டி போட்ட கதையை அது தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லட்டும். ஆசிரியர் அதை மூன்று ஆங்கில வாக்கியங்களாகப் பலகையில் எழுத, எல்லோரும் வாசிக்க, ஒவ்வொருவரும் ஒரு வரியைத் தன் வீட்டுக்கேற்ப மாற்றி எழுதட்டும். நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், அவரவர் வாயிலிருந்து வந்த சொல்லையே அட்டையில் எழுதிக்கொடுத்துத்தான் வாசிப்பைத் தொடங்கிவைத்தார். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் இந்தக் கதவைத்தான் சாத்துகின்றன. அந்த வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது தேர்வு. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் மனப்பாடப் பாடலுக்கென்றே மதிப்பெண் இருக்கிறது. பத்தி விடைகளுக்குக் கைடு இருக்கிறது. அதுவும் முடியாதவர்களுக்கு ‘மினிமம் மெட்டீரியல்’ இருக்கிறது. படத்தைப் பார்த்து எழுதும் கேள்விக்குக்கூட, எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ‘திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர்’ என்று தொடங்கும் வரிகளைப் பழக்கிவிடுகிறார்கள். ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. தேர்ச்சி விழுக்காட்டுக்காக அவரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தும் நிர்வாகம், ஓடிப்போய் வாசிக்கும் விளையாட்டுக்கு அவருக்கு எங்கே நேரம் தரும்?

எனவே பள்ளிக் கல்வித் துறை முதலில் கைவைக்க வேண்டிய இடம் வினாத்தாள். ஆறாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத் தேர்வில் பாதி மதிப்பெண், பாடநூலில் இல்லாத பத்தியை வாசித்துப் புரிந்துகொள்வதற்கும் சொந்தமாகச் சில வரி எழுதுவதற்கும் ஒதுக்கப்பட வேண்டும். சொந்த வரியில் எழுத்துப்பிழை இருந்தாலும் பொருள் விளங்கினால் மதிப்பெண் உண்டு என்று திருத்துவோருக்கு எழுத்துமூலம் அறிவுறுத்த வேண்டும். தமிழ் வாசிப்புக்காக 2023இல் வாசிப்பு இயக்கம் வழியே படிநிலைப்படி சிறு நூல்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்குத் தந்த துறைக்கு, ஆங்கிலத்திலும் இருமொழியிலும் அதையே செய்வது கடினமல்ல. புத்தகம் கிழியும், தொலையும். அதற்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கக் கூடாது என்பதையும் நூல்களை அனுப்பும் சுற்றறிக்கையிலேயே சேர்த்துவிடுவது நல்லது.